எழுபத்தைந்துக்கு நாற்பத்தொன்று

ரத்தத்தைக் கண்டால் மயங்கி விழுகிற ஒருத்தியை விபத்துப் பிரிவில் வேலைக்கு வைத்தது யார் என்று கேட்டால் அந்த ஆஸ்பத்திரியில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். ஆனால் வைத்தார்கள். அவளும் பல வருடமாக அங்கே வேலை பார்த்தாள். அதுவும் அடிபட்டவர்களைப் பற்றிய வேலைதான், ஒரு துளி ரத்தத்தைக்கூடப் பார்க்காமல்.

நர்ஸ் ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் படிக்கப் போனாள். எலும்பு, நரம்பு, ரத்தக்குழாய் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. எழுத்துத் தேர்வில் வகுப்பிலேயே முதல். அந்தத் தைரியத்தில் வார்டுக்கு அனுப்பினார்கள். முதல் நாள், முதல் நோயாளி, முதல் காயம். கட்டைப் பிரித்தவள் கட்டிலுக்கு அடியில் கிடந்தாள். அந்த நோயாளிதான், பாவம், மணியடித்து ஆள் கூப்பிட்டார். இன்னொரு தடவை அனுப்பிப் பார்த்தார்கள், இன்னொரு தடவை விழுந்தாள். அதற்கடுத்த தடவை விழுந்த வேகத்தில் அவளுக்கே நெற்றியில் தையல் போட வேண்டியதாகிவிட்டது. போதும் தாயே என்று அவளை ஆவண அறைக்கு அனுப்பி வைத்தார்கள்.

அந்த அறை ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்தது. ஜன்னல் என்று பெயருக்கு ஒன்று உண்டு. அதன் வழியாகத் தெருவில் போகிறவர்களின் செருப்பு மட்டும் தெரியும். மேலே ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு வரும், ஸ்டிரெச்சர் ஓடும், டாக்டர்கள் கத்துவார்கள். எல்லாம் முடிந்து, ஸ்கேன் என்ன சொன்னது, ஆபரேஷனில் என்ன பார்த்தார்கள் என்ற விவரமெல்லாம் காகிதமாகிக் கீழே வரும். அவற்றை வரி விடாமல் படித்து, ஒவ்வொரு அடிக்கும் அவள் ஓர் எண் போட வேண்டும். அதற்கென்று தலையணை கனத்தில் ஒரு புத்தகம் இருந்தது. சிராய்ப்புக்கு ஒன்று. உயிரையே உலுக்குகிற அடிக்கு நான்கு, ஐந்து. ஆறு என்றால் அந்தப் புத்தகமே கையை விரித்துவிட்டது என்று அர்த்தம்.

அதோடு முடியாது. மனித உடம்பை ஆறு பகுதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். தலையும் கழுத்தும் ஒன்று, முகம் ஒன்று, நெஞ்சு ஒன்று, வயிறு ஒன்று, இடுப்பும் கைகால்களும் சேர்ந்து ஒன்று, மேல்தோல் ஒன்று. இதில் அதிகமாக அடிபட்ட மூன்று பகுதிகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றிலும் இருக்கிற ஆகப் பெரிய எண்ணை அதே எண்ணால் பெருக்கி, மூன்றையும் கூட்ட வேண்டும். எவ்வளவு கூடினாலும் எழுபத்தைந்துக்கு மேல் போகாது. அந்தக் கூட்டுத்தொகையோடு வயது, ரத்த அழுத்தம், மூச்சு, நினைவு எல்லாம் சேர்த்துப் பார்த்தால், இப்படி அடிபட்டு வருகிறவர்களில் எத்தனை பேர் பிழைப்பார்கள் என்று ஒரு கணக்கு வரும்.

எதற்கு அதே எண்ணால் பெருக்க வேண்டும், சும்மா கூட்டினால் ஆகாதா என்று புதிதாக வந்த டாக்டர் ஒருவர் கேட்டாராம். "ரெண்டு அடி சேர்ந்தா ரெண்டு மடங்கு வலி இல்ல சார், நாலு மடங்கு ஆபத்து" என்றாள் இவள். அது சரியான விளக்கமா என்று அவளுக்கே சந்தேகம்தான். ஆனால் அந்த எண்ணின் மேல் அவளுக்கு ஒரு பிரமிப்பு இருந்தது. முகம் தெரியாத ஆயிரமாயிரம் பேர் விழுந்து, மோதி, நசுங்கி, சிலர் எழுந்து, பலர் எழாமல் போய், அவர்கள் எல்லாரும் சேர்ந்து சொல்லிக்கொடுத்த கணக்கு அது என்று நினைக்கும்போது சில நாள் பேனா நகராது.

வார்டில் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்தப் பிரமிப்பெல்லாம் கிடையாது. எண் போடுகிறாள் அல்லவா, 'மார்க் டீச்சர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "எங்க ஆளுக்கு எத்தனை மார்க் டீச்சர், பாஸா பெயிலா?" என்று படியில் பார்க்கும்போது வம்பிழுப்பார்கள். அவளும் சிரிப்பாள். பெயர் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித் தெரு வரைக்கும் வந்துவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், வீட்டில் உண்மையான டீச்சர் அவள் கணவர்தான். பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறவர். தெருவில் யாராவது "டீச்சர்!" என்று கூப்பிட்டு அவர் திரும்பினால், "உங்களை இல்ல சார்" என்பார்கள். காய் நறுக்கும்போது அவர் விரலில் கத்தி பட்டால், இவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "ஒண்ணு. ஓரொண்ணு ஒண்ணு. பொழைச்சுக்குவீங்க" என்று துணியை நீட்டுவாள்.

எண் கூடக் கூட ஆள் மோசம். பல வருடமாக இதே வேலை பார்த்ததில் இது அவள் ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் கணக்கில் தொண்ணூறு வாங்கியிருக்கிறாள் என்று சொன்னால்கூட ஐயோ பாவம் என்றுவிட்டுத்தான் சுதாரித்துக்கொள்வாள். உலகத்தில் மற்ற எல்லாருக்கும் மார்க் என்றால் கூடினால் நல்லது என்பதை அவள் சுத்தமாக மறந்துபோயிருந்தாள். அங்கேதான் வந்தது வினை.

ஆஸ்பத்திரி மாடிப்படிக்கு அடியில் ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. கடை என்றால் ஒரு மெஷினும் ஒரு ஸ்டூலும்தான். அதை நடத்துகிறவளை எல்லாரும் ஜெராக்ஸ் அக்கா என்பார்கள். டீச்சர் எண் போடுகிற வெற்றுத் தாள் அங்கேதான் கட்டுக் கட்டாகப் பிரதி எடுக்கப்படும். அதில் ஒரு மனித உருவம் முன்னாலிருந்து ஒன்று, பின்னாலிருந்து ஒன்று என்று வரைந்திருக்கும். "இந்த ஆளுக்கு மூக்கும் இல்ல, முழியும் இல்ல, இவனுக்கு எதுக்கு டீச்சர் மார்க்?" என்று அக்கா கிண்டல் செய்வாள். மெஷின் தாளைக் கடித்துக்கொண்டால் தட்டுவதற்கென்றே ஒரு செருப்பு வைத்திருந்தாள். வாய் ஓயாது, கையும் ஓயாது. டீச்சருக்கு அந்த ஆஸ்பத்திரியில் சிநேகிதி என்று சொல்லிக்கொள்ள அவள் ஒருத்திதான்.

அந்தச் சமயத்தில் பெரிய டாக்டர் ஒரு புது ஏற்பாடு செய்திருந்தார். அதுவரை நோயாளி வீட்டுக்குப் போன பிறகோ, போகாமலே போன பிறகோதான் எண் போடுவார்கள். இனி அடிபட்டு வந்த உடனே போட்டுவிட வேண்டும், அந்த எண் முன்கூட்டிச் சொன்னதும் பிறகு நடந்ததும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்க வேண்டும் என்றார். தாளில் பெயர் இருக்காது. எண்ணை நோயாளியின் வீட்டாரிடம் சொல்லக் கூடாது. வைத்தியத்துக்கும் எண்ணுக்கும் சம்பந்தமில்லை.

அப்படி ஒரு காலையில் வந்த தாளில், நாற்பதைத் தாண்டிய ஓர் ஆண். மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்தவர், விழுந்தவர் மேலேயே சாரமும் சரிந்திருக்கிறது. தலை தப்பிவிட்டது. நெஞ்செலும்புகள் வரிசையாக ஒடிந்து நுரையீரல் நசுங்கியிருந்தது, நான்கு. மண்ணீரல் கிழிந்திருந்தது, மூன்று. வலது கால் தொடையிலிருந்து நொறுங்கி ஏகப்பட்ட ரத்தம் போயிருந்தது, நான்கு. பதினாறு, ஒன்பது, பதினாறு. டீச்சர் கூட்டிப் போட்டு ஓரமாக வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் கதவு படீரென்று திறந்தது. ஜெராக்ஸ் அக்கா. அவள் அந்த அறைக்கு வருவது அதுதான் முதல் தடவை.

"டீச்சர், நேத்து சாயங்காலம் சாரத்துல இருந்து விழுந்தாருன்னு ஒரு பெயின்டரைக் கொண்டு வந்தாங்களே... அவர் எங்க வீட்டுக்காரர்."

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "அக்கா... உட்காருங்கக்கா."

"உட்காரல்லாம் நேரமில்ல. மேல ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டேங்கிறாங்க. தேறிடுவாரான்னு கேட்டா, பாக்கலாம் பாக்கலாம்ங்கிறாங்க. எதைப் பாக்கிறது? மார்க் போட்டாச்சா?"

சொல்லக் கூடாது என்பது டீச்சருக்குத் தெரியும். ஆனால் அந்த விதியை மீறச் சொல்லி இத்தனை வருடத்தில் யாரும் அவள் எதிரில் வந்து நின்றதில்லை. அடித்தளத்துக்கு யார் வருகிறார்கள்? வந்து நின்றவள் சிநேகிதி. முதல் நாள் கட்டின சேலையோடு நிற்கிறாள்.

"போட்டாச்சுக்கா."

"எவ்வளவு?"

"நாற்பத்தொண்ணு." வாயிலிருந்து வந்தே விட்டது.

"எத்தனைக்கு?"

"எழுபத்தஞ்சுக்கு."

அக்காவின் உதடு அசைந்தது. மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டாள். பிறகு டீச்சரின் இரண்டு கைகளையும் பிடித்து இறுக்கினாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "போதும் டீச்சர். இது போதும் எனக்கு" என்று சொல்லிவிட்டுப் படியேறி ஓடினாள். இவ்வளவு பெரிய இடியைக் கேட்டுவிட்டுக் கலங்காமல் போகிறாளே, என்ன நெஞ்சுரம் என்று டீச்சர் வியந்துபோய் உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் வீட்டில் கணவர் மேஜை நிறைய விடைத்தாள்களைப் பரப்பித் திருத்திக்கொண்டிருந்தார். டீச்சர் டீ கொண்டுபோய் வைத்தாள். மனசு கேட்காமல், "நம்ம ஜெராக்ஸ் அக்கா வீட்டுக்காரருக்கு நாற்பத்தொண்ணுங்க" என்றாள்.

"எத்தனைக்கு?" என்றார் அவர், தாளிலிருந்து தலையை எடுக்காமல்.

"எழுபத்தஞ்சுக்கு."

"அப்ப பரவாயில்லையே. தேறிடுவான்."

சொல்லிவிட்டு அடுத்த தாளைப் புரட்டினார். டீச்சர் நின்ற இடத்திலேயே நின்றாள். தேறிடுவான். பரீட்சையில் தேறுவதும் அதே சொல்தான், படுத்த படுக்கையிலிருந்து தேறுவதும் அதே சொல்தான். காலையில் அக்கா ஏன் 'இது போதும்' என்றாள் என்று இப்போது விளங்கியது.

"ஐயோ, அவங்க பாஸ்னு நினைச்சுட்டாங்க! நான் இப்பவே போய்ச் சொல்லணும்."

விஷயத்தைக் கேட்டதும் கணவர் பேனாவை மூடி வைத்தார். நல்ல மனுஷர், நல்லதைத்தான் நினைத்தார். "சொல்லி என்ன ஆகப்போகுது? அந்த மார்க்கால வைத்தியம் மாறப்போகுதா? நேத்திலருந்து அந்தம்மா கண்ணே மூடியிருக்காது. இன்னைக்கு ஒரு ராத்திரி தூங்கட்டும். காலையில சொல்லிக்கோ."

சரி என்று டீச்சரும் விட்டுவிட்டாள். அக்கா தூங்கினாள். டீச்சர்தான் தூங்கவில்லை.

மறுநாள் அவள் அறைக்குப் போனபோது எலும்பு டாக்டர் அவளுக்கு முன்னால் அங்கே நின்றுகொண்டிருந்தார். கண்ணெல்லாம் சிவந்து, தாடி முளைத்து, பச்சை உடையில் இருந்தார்.

"டீச்சர், அந்த பெயின்டரோட கால் செத்துப்போச்சு. நாங்க என்னென்னமோ பண்ணிப் பாத்துட்டோம், ரத்தம் ஓடல. செத்த சதையோட விஷம் உடம்புல ஏறிக் கிட்னி நின்னுட்டிருக்கு. மத்தியானத்துக்குள்ள காலை எடுக்கணும். அவர் சம்சாரம் கையெழுத்துப் போட மாட்டேங்கிறாங்க."

டீச்சர் தோளிலிருந்த பையை இறக்கி மேஜையில் வைத்தாள்.

"நல்ல மார்க் எடுத்த ஆளோட காலை எதுக்கு வெட்டுறீங்கன்னு என்னைக் கேக்கிறாங்க. படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டேன். மார்க் டீச்சரே சொல்லிட்டாங்க, நீங்க யாருங்கிறாங்க."

"நான்தான் சார் சொன்னேன். அவங்க தலைகீழாப் புரிஞ்சுக்கிட்டாங்க."

"திட்டணும்தான். அப்புறம் திட்டுறேன். இப்ப மேல வாங்க."

தீவிர சிகிச்சைப் பிரிவின் வராந்தாவுக்கு டீச்சர் அதுவரை போனதே இல்லை. அங்கே நாற்காலி வரிசையில் ஜெராக்ஸ் அக்கா கையில் ஒரு பெரிய பிஸ்கட் பாக்கெட்டோடு உட்கார்ந்திருந்தாள். அக்கம்பக்கத்தில் காத்திருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தாள். "எங்களுக்கு நாற்பத்தொண்ணு. உங்க பையனுக்கு எவ்வளவு? இன்னும் போடலையா? கீழ போய்க் கேளுங்க, டீச்சர் தங்கமானவங்க" என்று சொல்வது காதில் விழுந்தது. டீச்சருக்கு அப்படியே திரும்பி ஓடிவிடலாம் போலிருந்தது.

அக்கா அவளைப் பார்த்ததும் முகம் முழுக்கச் சிரித்தாள். "வாங்க டீச்சர்! நீங்களே சொல்லுங்க இந்த டாக்டர்கிட்ட."

டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்கத் தெரியவில்லை. "அக்கா, அது பள்ளிக்கூட மார்க் மாதிரி இல்ல. காய்ச்சல் மாதிரி. ஏற ஏற மோசம்."

பிஸ்கட் நீட்டிய கை அப்படியே நின்றது.

"அப்ப நாற்பத்தொண்ணுன்னா?"

"ரொம்ப மோசம்க்கா."

பிஸ்கட் வாங்கின பெரியவர் அதை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"நேத்தே ஏன் சொல்லல?"

"நீங்க மாத்திப் புரிஞ்சுக்கிட்டது எனக்கு அப்பத் தெரியல. சாயங்காலம்தான் தெரிஞ்சுது. ஒரு ராத்திரி நீங்க தூங்கட்டும்னு விட்டுட்டேன். தப்புதான்க்கா."

அக்கா பாக்கெட்டின் வாயைச் சுருட்டி மடித்தாள். "தூங்கினேன்" என்றாள். கோபமா நன்றியா என்று டீச்சருக்குப் பிடிபடவில்லை. பிறகு, "இந்த மார்க் வாங்கினவங்க யாராவது தேறியிருக்காங்களா?" என்று கேட்டாள்.

"இவர் இருக்கிற நிலைமைக்கு, பத்துப் பேர்ல மூணு நாலு பேர் தேறியிருக்காங்க."

"நீங்க பாத்திருக்கீங்களா அவங்கள?"

"பேப்பர்ல பாத்திருக்கேன்."

"ஆளை?"

"இல்லக்கா."

"எங்க வீட்டுக்காரரை?"

"அவரையும் பாக்கல."

அக்கா எழுந்து நின்றுவிட்டாள். "ஆளையே பாக்காம மார்க் போட்டீங்களா? இது எந்த ஊர் நியாயம் டீச்சர்? வாங்க. வந்து அவரைப் பாருங்க. உங்க கண்ணால பாத்துட்டு, அதுக்கப்புறமும் காலை எடுக்கணும்னு நீங்க சொன்னா போடுறேன் கையெழுத்து. இந்த டாக்டர் சொல்லி இல்ல. நீங்க சொல்லணும்."

எலும்பு டாக்டர் டீச்சரைப் பார்த்தார். அவளுடைய மயக்கக் கதை ஆஸ்பத்திரியில் தெரியாதவர்கள் கிடையாது. அவள் உள்ளே போய் விழுந்துவிட்டால் அக்கா என்ன முடிவெடுப்பாள் என்று யாருக்கும் தெரியாது. கடிகாரமோ நிற்கவில்லை.

"வர்றேன்" என்றாள் டீச்சர்.

உள்ளே போய்க் கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முதலில் கண்ணை மூடியிருந்தாள். அதை யாரும் குறை சொல்லவில்லை. பிறகு திறந்தாள். நர்ஸ் போர்வையை விலக்கினாள். கால் கறுத்து, பளபளத்து, மனித உடம்போடு ஒட்டாத எதுவோ போல் கிடந்தது. வாடை மூக்கில் ஏறியது. டீச்சரின் காதுக்குள் விசில் ஊதத் தொடங்கியது. அது விழுவதற்கு முந்தைய அறிகுறி, அவளுக்கு நன்றாகத் தெரியும். நாக்கை அழுத்திக் கடித்துக்கொண்டு பார்வையை மேலே நகர்த்தினாள்.

நெஞ்சிலிருந்து ஒரு குழாய் இறங்கித் தரையில் இருந்த பாட்டிலுக்குப் போனது. பாட்டில் தண்ணீரில் குமிழி கிளம்பிக்கொண்டிருந்தது. நெஞ்சில் குழாய் வைக்கப்பட்டது என்று எத்தனையோ ஆயிரம் தடவை படித்திருக்கிறாள். அது இப்படிக் குமிழி விடும் என்று தெரியாது. திரையில் இதயம் கோடு கோடாக ஓடிக்கொண்டிருந்தது. ரத்தத்தில் பாதி போய்விட்டது, காற்று மெஷினிலிருந்து வருகிறது, கிட்னி நிற்கப் பார்க்கிறது, ஆனாலும் அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. யாரும் அதை அதட்டவில்லை, யாரும் அதைக் கெஞ்சவில்லை. டீச்சருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அப்புறம்தான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. நகக்கண்ணில் நீலப் பெயின்ட். புருவத்திலும் ஒரு பொட்டு நீலம். காது முழுசாக இருந்தது. இடது கால் முழுசாக இருந்தது, குதிகாலில் ஒரு பழைய வெடிப்போடு. இமை முடி ஒன்றுகூட உதிரவில்லை. அடிபட்டதற்கெல்லாம் எண் வைத்திருந்த அந்தத் தலையணைப் புத்தகத்தில், அடிபடாததற்கு எண்ணே கிடையாது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மீதி இருக்கிற இந்த மனிதரை அவள் இத்தனை வருடமும் கணக்கிலேயே சேர்க்கவில்லை. இவ்வளவு மீதி இருக்கிறதே என்று மலைத்துப்போனாள்.

"பாத்துட்டீங்களா?" என்றாள் அக்கா.

"பாத்துட்டேன்."

"காலை எடுத்தா மார்க் குறையுமா?"

"குறையாதுக்கா. விழுந்த அன்னைக்கு வந்த மார்க் வந்ததுதான், அதை இனி யாராலயும் மாத்த முடியாது." டீச்சரின் குரல் அவளுக்கே எங்கோ தூரத்தில் கேட்டது. "ஆனா காலை விட்டுவச்சா, அந்த மூணு நாலு பேர்ல இவர் இருக்க மாட்டார். எடுத்துரணும்க்கா. இவர்கிட்ட இன்னும் நிறைய மீதி இருக்கு."

அக்கா கணவரின் புருவத்து நீலத்தைக் கட்டைவிரலால் துடைத்துப் பார்த்தாள். அது போகவில்லை. "எங்க போடணும்?" என்று டாக்டரிடம் கை நீட்டினாள். அவள் கையெழுத்துப் போட்டு முடிக்கும் வரை டீச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேனாவை மூடின சத்தம் கேட்டதும் நிம்மதியாக மயங்கி விழுந்தாள். அவள் தலை தரையில் படாமல் தாங்கிப் பிடித்தது ஜெராக்ஸ் அக்காதான்.

கால் போனது. பிறகும் நிலைமை ஒன்றும் சட்டென்று சீராகவில்லை. கிட்னிக்கு மெஷின் வைத்தார்கள். காய்ச்சல் வந்தது, போனது, மறுபடி வந்தது. நெஞ்சில் சீழ் கட்டியது. இரண்டு தடவை அக்காவை உள்ளே கூப்பிட்டு, கடைசியாக முகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு தடவையும் அந்த இதயம் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. டீச்சர் தினமும் அடித்தளத்துக்கு இறங்குவதற்கு முன்னால் மாடி ஏறிவிட்டுத்தான் வந்தாள். முதல் வாரம் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தாள். அடுத்த வாரம் உள்ளே போய் ஸ்டூல் போட்டு உட்காரத் தொடங்கினாள். கட்டுப் பிரிக்கும்போது மட்டும் சுவரைப் பார்த்துக்கொள்வாள். எலும்பு டாக்டர் திட்டுவதாகச் சொன்ன திட்டைத் திட்டி முடித்தார், அதோடு பெரிய டாக்டரும் திட்டினார். வாங்கிக்கொண்டாள்.

தொண்டைக் குழாயை எடுத்த அன்றைக்கு பெயின்டர் பேசிய முதல் வார்த்தை, "மெஷினை யார் பாத்துக்கிறா?" என்பது. ஜெராக்ஸ் மெஷினைத்தான் கேட்டார். "பூட்டிட்டு வந்துட்டேன்" என்றாள் அக்கா. "பூட்டிட்டா? பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்துல கடையைப் பூட்டுவாங்களா?" என்று அந்த ஒடிந்த நெஞ்சை வைத்துக்கொண்டு அவர் சண்டைக்கு வந்தார். அக்காவும் விடவில்லை, பதிலுக்குக் கத்தினாள். நர்ஸ் வந்து இரண்டு பேரையும் அதட்டினாள். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஒரு நாற்பத்தொன்று கோபப்படும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

மாதங்கள் போய், அவரை நடைப்பயிற்சி அறைக்குக் கொண்டுவந்தார்கள். நீளமான அறை. நடுவில் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நடக்கிற கம்பிகள். வலது பக்கம் புதிதாகப் பொருத்திய செயற்கைக் கால். ஒரு நாள் மத்தியானம் அக்கா கீழே வந்து டீச்சரைக் கையோடு இழுத்துக்கொண்டு போனாள். பெயின்டர் கம்பியைப் பிடித்து அந்தக் கோடி வரை போய்த் திரும்பி வந்தார். வேர்வையில் சட்டை நனைந்திருந்தது. டீச்சர் எதிரில் பெஞ்சில் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாற்பத்தொண்ணாமே!" என்றார் அவர் மூச்சு வாங்கிக்கொண்டே. "ஸ்கூல்ல நான் நாற்பத்தொண்ணு வாங்கியிருந்தா எங்கப்பா சைக்கிளே வாங்கித் தந்திருப்பார், டீச்சர்."

மூன்று பேரும் சிரித்தார்கள். நடை பழக்குகிற பயிற்சியாளரும் சேர்ந்து சிரித்தார். சிரிப்பு அடங்கின பிறகு பெயின்டர் கம்பியில் சாய்ந்து நின்று, "எனக்கு முன்னால இதே மார்க் வாங்கினவங்கள்ல பத்துக்கு மூணு நாலு பேர் தேறினாங்கன்னு இவ சொன்னா" என்றார்.

"ஆமா."

"அப்ப மீதிப் பேர்?"

டீச்சர் அக்காவைப் பார்த்தாள். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"தேறல" என்றாள் டீச்சர்.

"அவங்களுக்கும் நீங்கதான் மார்க் போட்டீங்களா?"

"இங்க வந்தவங்களுக்கு நான்தான். மத்த ஊர்கள்ல என்னை மாதிரி வேற யாராவது போட்டிருப்பாங்க." மேற்கொண்டு சொல்லலாமா என்று தெரியவில்லை, ஆனாலும் சொன்னாள். "அவங்கெல்லாம் இருந்ததாலதான் உங்களுக்குப் பத்துல மூணு நாலுன்னு என்னால சொல்ல முடிஞ்சுது. அவங்க சொல்லிக்கொடுத்த கணக்குதான் அது."

அவர் தன் நிஜக் காலைப் பார்த்தார், பொய்க் காலைப் பார்த்தார், கம்பிகளுக்கு நடுவே நீண்டு கிடந்த வெறும் தரையைப் பார்த்தார்.

"இன்னைக்கு இவ்வளவு போதும்" என்று பயிற்சியாளர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"இல்ல தம்பி. இன்னொரு தடவை போயிட்டு வர்றேன்."

உள்ளங்கை வேர்வையைச் சட்டையில் துடைத்துவிட்டு, மறுபடி கம்பியைப் பிடித்தார். டீச்சர் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றாள். அவர் அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி வந்து சேரும் வரைக்கும் அவள் உட்காரவில்லை.